கடைமீன்: இரேவதியின் மங்கிய ஒளியும் தமிழகத்து ஆண்டுக் கணிப்பும்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் பெருவழியில், பாலாற்றின் கரையில் அமைந்த ஊர் பழையசீவரம். ஊரை ஒட்டிய சிறு குன்றின்மேல் இலக்குமி நரசிங்கர் கோயில் உள்ளது. குன்றில் நின்று நோக்குவார்க்குப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடமும், எதிர்க்கரையில் திருமுக்கூடல் கோயிலும் தோன்றும். ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காக இக்குன்றிற்கு எழுந்தருளுவதும், சுற்றூர் மக்கள் திரண்டு வந்து வழிபடுவதும் தொன்றுதொட்ட வழக்கம்.

இவ்விழா ஞாயிறு மகர வீட்டில் புகும் நாளை ஒட்டியது. ஞாயிறு மகரத்திற் புகும் நாள் எதுவென அறிய வேண்டுமாயின், வீடுகள் பன்னிரண்டிற்கும் தொடக்கமாகிய முதற்புள்ளி வானில் எங்குள்ளது என்பது தெரிதல் வேண்டும். அப்புள்ளியைக் காட்டும் மீன் எது? இவ்வினாவிற்கு நூலோர் சிலர் தந்த விடை இரேவதி என்பது. அவ்விரேவதியோ, நாண்மீன்களின் அடையாள மீன்களுள் மிக மங்கியது. கூர்ந்த கண்ணுடையாரும் தேடிக் காண வேண்டிய சிறு புள்ளி. இத்துணை மங்கிய மீன் ஒன்று ஆண்டின் எல்லைக் கல்லாக வைத்து எண்ணப்பட்டது எவ்வாறு என்பதும், அதன் மங்கல் நம் ஆண்டுக் கணிப்பின் வரலாற்றில் என்ன விளைவை உண்டாக்கியது என்பதுமே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள்களாம்.

1. மீனின் இயல்பு

நாண்மீன் இருபத்தேழனுள் இறுதியானது இரேவதி. வடநூலார் இதனை முப்பத்திரண்டு மீன்கள் கொண்ட கூட்டம் என்பர். அக்கூட்டத்துள் ஒரு மீனைக் கணிதத்திற்கு அடையாளமாகக் கொண்டு அதனை யோகதாரை என்று வழங்கினர். அஃது இன்று வானியலார் மீன வீட்டின் ஜீட்டா எனக் குறிக்கும் விண்மீனே என்பது கோல்புரூக், பர்ச்செசு முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் காலமுதல் பெரிதும் ஒப்ப முடிந்த கருத்து. பன்னாட்டு வானியல் ஒன்றியமும் தன் ஏற்புடைப் பெயர்ப் பட்டியலில் அம்மீனுக்கு இரேவதி என்னும் பெயரையே வைத்துள்ளது.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இம்மீன் உண்மையில் ஒன்றன்று. சிறு தொலைநோக்கியே இதனை இரண்டாகப் பிரித்துக் காட்டும். இரண்டிற்கும் இடையே தோன்றும் தொலைவு ஏறத்தாழ 23 விகலை. முதன்மீன் ஒளித்தரம் 5.2 அளவினது, நிறமாலையில் ஏ வகையைச் சார்ந்த வெண்மீன். துணைமீன் ஒளித்தரம் 6.4 அளவினது, எஃப் வகையைச் சார்ந்தது, மஞ்சள் கலந்த வெண்மை நிறத்தது. நம் ஞாயிற்றினும் இஃது ஓரளவு வெப்பம் மிக்கது. இவ்விரண்டும் கலந்து கண்ணில் படும் ஒளியின் தரம் 4.9 ஆகும். கண்ணின் எல்லை, மாசற்ற இருளில் ஆறாந்தரம் என்பர். எனவே இரேவதி அவ்வெல்லைக்கு ஒரு படி மட்டுமே உட்பட்டு நிற்பது. நிறத்தை உணரும் ஆற்றல் மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு இல்லாமையின், வெறுங்கண்ணால் காண்பார்க்கு அது நிறமற்ற ஒரு துகளாகவே தோன்றும்.

ஒளித்தரம் என்னும் அளவைப்பற்றி ஈண்டு ஒரு சொல் உரைத்தல் தகும். விண்மீன்களை ஆறு தரமாகப் பகுத்தல் பண்டைக் கிரேக்கர் மரபு. அம்மரபைக் கணக்கிற்கு அடங்கச் செய்தவர் நார்மன் போக்சன். ஐந்து தர வேற்றுமை நூறு மடங்கு ஒளி வேற்றுமைக்குச் சமம் எனவும், எனவே ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் உள்ள விகிதம் 2.512 எனவும் அவர் 1856இல் வரையறுத்தார். அவரே 1861இல் சென்னை வானாய்வகத்தின் தலைவராக வந்து, 1891இல் மறையும்வரை இங்கேயே பணிபுரிந்தார். அவர் அளவைக் கொண்டு நோக்கின், சித்திரை நாண்மீனாகிய ஸ்பைக்காவின் ஒளி (தரம் 1.0) இரேவதியின் ஒளியைப் போல் ஏறத்தாழ நாற்பது மடங்காகும். இவ்விரு மீன்களின் வழக்கே பின்னர் வரப்போவதாகலின், இவ்வெண்ணைப் படிப்போர் நினைவிற் கொள்க.

2. காணும் காலமும் இடமும்

இரேவதி வானநடுவரையினின்று ஏழரைப் பாகை வடக்கே உள்ளது. பழையசீவரமோ நில நடுவரைக்கு ஏறத்தாழ பன்னிரண்டே முக்காற் பாகை வடக்கே உள்ளது. ஆகவே இம்மீன் அவ்வூரார்க்கு ஏறத்தாழ தலைக்கு நேராக, உச்சியினின்றும் ஐந்து பாகை மட்டுமே தெற்கே விலகிக் கடக்கும். புரட்டாசி இறுதியில் நள்ளிரவிலும், கார்த்திகைத் திங்களின் முற்பாதியில் இரவு ஒன்பது மணியளவிலும் உச்சியை அடையும்.

அத்தகைய கார்த்திகை இரவொன்றில், நிலவு இல்லாத பொழுதில், யாம் அக்குன்றின்மேல் நின்று இதனைத் தேடினோம். பூரட்டாதி, உத்திரட்டாதி என்னும் இரு நாண்மீன்களின் நான்கு மீன்களும் வானில் ஒரு பெருஞ்சதுரமாய் நின்றன. சதுரத்தின் தென்கீழ் மூலையினின்று மேலும் தென்கிழக்கே கண்ணைச் செலுத்தின், ஏறத்தாழ ஒரே கோட்டில் மேற்கிலிருந்து கிழக்காக மூன்று மங்கிய மீன்கள் அமைந்திருத்தல் காணலாம். அவற்றுள் கிழக்கில் உள்ளதும் மூன்றனுள்ளும் மிக மங்கியதும் இரேவதி. வாலாசாபாத்துப் பக்கத்து விளக்கொளி கீழ்வானை வெளிறச் செய்திருந்தது. உச்சியில் ஓரளவு இருள் எஞ்சியிருந்தது. நேரே நோக்கின் மறைவதும், சற்றே விலகி நோக்கின் தோன்றுவதுமாய் அம்மீன் எமக்குப் போக்குக் காட்டிற்று. கண்ணின் ஓரம் மங்கிய ஒளியை நன்கு உணர வல்லது என்பது உடலியலார் கண்ட உண்மை. சென்னை நகர வானில் இம்மீனை வெறுங்கண்ணால் காண்டல் இயலாதென்றே கூறலாம்.

இம்மீனைக் காணுதற்கு வேறோர் இடையூறும் உண்டு. ஞாயிறு செல்லும் வீதியினின்று இது கால் பாகையளவும் விலகாமல் கிடப்பது. அதனால் திங்கள் சிற்சில ஆண்டுகளில் இதனை மறைத்துச் செல்லும். ஞாயிறும் ஆண்டுதோறும் ஏப்பிரல் 9, 10 ஆகிய நாட்களில் இதனை ஒட்டிக் கடக்கும். ஆண்டின் தொடக்கத்தைக் காட்டவேண்டிய மீன், ஆண்டு தொடங்கும் நாளில் ஞாயிற்றின் ஒளியில் மூழ்கி எவர் கண்ணுக்கும் புலனாகாது நிற்கிறது என்பது இதனால் பெறப்படும். திங்கள் அணுகும் இரவிலோ நிலவொளி இதனை விழுங்கிவிடும். சித்திரை மீனின் நிலை இதற்கு மறுதலை. சித்திரைத் திங்களில் ஞாயிறு மேற்கே மறையும் பொழுதில் அது கிழக்கே ஒளியோடு எழுந்து, இரவு முழுதும் வானில் நிற்கும்.

3. தமிழர் வழக்கில் இரேவதி

தமிழர் நாண்மீன்களை அறிந்து வழங்கியமைக்குச் சான்றுகள் பல. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துள் நாட்பெயர்களும் திங்கட்பெயர்களும் பிற சொற்களொடு புணருங்கால் பெறும் சாரியைகளைப்பற்றி விதி கூறப்படுகின்றது. பரிபாடலின் பதினோராம் பாட்டு வையையில் வெள்ளம் வந்த காலத்துக் கோள்களின் நிலையை விரித்துரைக்கின்றது. புறநானூற்றில் கூடலூர் கிழார், பங்குனித் திங்கள் இரவொன்றில் ஒரு மீன் வீழ்ந்ததைக் கண்டு சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு நேரவிருந்த கேட்டினை உணர்ந்ததாகப் பாடுமிடத்து, அப்பொழுது உச்சியில் நின்ற மீன் எது, சாய்ந்தது எது, எழுந்தது எது என்று வகுத்துக் கூறுகின்றார். கண்ணால் கண்டு நிலை குறித்தவர் கூற்று அது.

இரேவதிக்கு நிகண்டுகள் தரும் பெயர்களுள் கடைமீன், தோணி, நாவாய் என்பன குறிக்கத்தக்கவை. கடைமீன் என்பது வரிசை பற்றிய பெயர். தோணி, நாவாய் என்பன வடிவு பற்றிய பெயர்கள். வடநூலார் இக்கூட்டத்திற்கு மத்தள வடிவு கூறத் தமிழர் மரக்கல வடிவு கண்டனர். ஒரு மீனுக்கு மரக்கல வடிவு அமையாது. மங்கிய பல மீன்கள் வளைந்து கிடக்கும் கூட்டத்திற்கே அது பொருந்தும். ஆகலின், இப்பெயரை இட்டோர் நோக்கியது கூட்டத்தையே என்பதும், அதனுள் ஒன்றைத் தனியே பிரித்து எல்லைக்கல்லாக நட்டது கணித நூலோர் செயல் என்பதும் யாம் கொள்ளும் கருத்து. சாலினி என்றும் வடமீன் என்றும் புகழப்பெற்ற அருந்ததியும் மங்கிய மீனே. எனினும் அதனை மணமக்கட்குக் காட்டும் வழக்கு இருந்தமையின் அது மறக்கப்படவில்லை. இரேவதியின் தனிமீனைக் காட்டும் சடங்கு எதுவும் இல்லை. மங்கிய மீன் ஒன்று மக்கள் நினைவில் நிற்பதும் மறைவதும் அதன் ஒளியால் மட்டும் அன்று, அதனைச் சுட்டும் விரலாலும் ஆம் என்பது இதனால் விளங்கும்.

இந்நிலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பதினோராம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்திய நூல்களை ஆராய்ந்த அல்பிரூனி, நாண்மீன்கள் அனைத்தையும் வானில் விரலால் சுட்டிக் காட்ட வல்லார் ஒருவரையும் தாம் கண்டிலர் என்று குறித்திருக்கின்றார். நூலறிவு வளர, வானறிவு தேய்ந்த நிலை அது.

4. முதற்புள்ளியும் இரு மீன்களும்

ஆரியபடர் தம் நூலுக்கு அடிப்படையாகக் கொண்ட ஆண்டு கி.பி. 499. அக்காலத்தில் பகலும் இரவும் ஒத்த வேனில் நாளில் ஞாயிறு நின்ற புள்ளி, இரேவதி மீனுக்கு ஏறத்தாழ ஒரு பாகை கிழக்கே இருந்தது. கி.பி. ஆறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அப்புள்ளியும் மீனும் ஒன்றாயின. ஆகவே, நூலோர் முதலில் கொண்டது சம இரவுப் புள்ளியையே. அதனருகே அடையாளம் தேடியபோது அகப்பட்டது இம்மங்கிய மீன். ஒளி மிக்க மீன் வேண்டுமென்று அவர் விரும்பியிருப்பினும், அவ்விடத்தில் வீதியை ஒட்டி அத்தகையது ஒன்றும் இல்லை. இரேவதி எல்லைக்கு உரிமை பெற்றது ஒளியால் அன்று, இருந்த இடத்தால் என்க.

628இல் பிரமகுப்தர் இயற்றிய பிராம்மஸ்புட சித்தாந்தம் இரேவதிக்கு 0 பாகையும் சித்திரைக்கு 183 பாகையும் தருகின்றது. சூரிய சித்தாந்தமோ இரேவதிக்கு 359 பாகை 50 கலையும் சித்திரைக்கு 180 பாகையும் தருகின்றது. இக்கால அளவையின்படி வீதியின்மேல் இவ்விரு மீன்களுக்கும் இடையே உள்ளது 184 பாகைக்குச் சிறிது குறைவு. பிரமகுப்தர் கூற்று வானத்தோடு நெருங்கி நிற்கின்றது. சூரிய சித்தாந்தத்தின் கூற்றோ நான்கு பாகை வேறுபடுகின்றது. அந்நூலைப் பின்பற்றுவோர் இரேவதியைக் கொண்டால் சித்திரை பொய்க்கும். சித்திரையைக் கொண்டால் இரேவதி பொய்க்கும்.

இந்நான்கு பாகையே பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் பெரும் வழக்காயிற்று. மராட்டிய நாட்டில் கேரோ லட்சுமண் சத்ரே 1865 முதல் வெளியிட்ட பஞ்சாங்கம் இரேவதியை முதலாகக் கொண்டது. பால கங்காதர திலகரும் அக்கட்சியை ஆதரித்தார். அவர் பெயரால் வழங்கும் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவோர்க்கு மகர நுழைவு சனவரி 10ஆம் நாளளவில் வரும். அதிக மாதமும் வேறுபடுவதால் சில ஆண்டுகளில் விழாக்கள் ஒரு திங்கள் முன்பின்னாகவும் அமையும். 1952இல் இந்திய அரசு மேகநாத சாகா தலைமையில் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, சித்திரைக்கு எதிர்ப்புள்ளியை ஒட்டிய முதற்புள்ளியை ஏற்று, 1956 மார்ச்சு 21இல் அயனப் பிறழ்ச்சி 23 பாகை 15 கலை என வரையறுத்தது. தமிழகத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கங்களும் பெரும்பாலும் சித்திரைக் கட்சியையே தழுவின.

இரேவதிக் கட்சி தமிழகத்தில் வென்றிருப்பின் சித்திரை முதல் நாள் ஏப்பிரல் 9, 10ஆம் நாளிலும் பொங்கல் சனவரி 10ஆம் நாளளவிலும் வந்திருக்கும். பழையசீவரத்துப் பார்வேட்டையும் அதனையே ஒட்டி முன் வந்திருக்கும். அவ்வாறு நேராமைக்குக் காரணம் யாது? குழுவின் முடிவு ஒன்றே காரணமாகாது. அம்முடிவிற்கு நெடுங்காலம் முன்பே தமிழகத்தின் வாக்கியப் பஞ்சாங்கம், இரேவதியினின்று நான்கு பாகை விலகிய புள்ளியிலேயே ஆண்டைத் தொடங்கி வந்தது. அது விலகிய வரலாற்றை இனிக் காண்போம்.

5. வாக்கியமும் காணாமையும்

வாக்கியப் பஞ்சாங்கத்திற்கு மூலம் வாக்கிய கரணம் என்னும் நூல். கி.பி. 1300ஐ ஒட்டித் தமிழகத்தில் தோன்றிய இந்நூலின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை; காஞ்சிப் பகுதியினர் என்பது அறிஞர் கருத்து. சுந்தரராசரின் உரையோடு இதனைத் தி. சா. குப்பண்ண சாத்திரியாரும் கே. வி. சர்மாவும் பதிப்பிக்க, 1962இல் சென்னையில் வெளியாயிற்று. திங்களின் நிலையை நாளுக்கொன்றாக 248 வாக்கியங்களில் எழுத்தெண்களாக அடக்கி மனப்பாடம் செய்தல் இம்முறையின் உயிர்.

இதன் திறம் சிறிதன்று. வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் காட்சிக்காக 1769இல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீல், தமிழர் ஒருவரிடம் இக்கணிதத்தைக் கேட்டறிந்தார். 1765 ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த திங்கள் மறைப்பின் கால அளவு தமிழ்க் கணிதத்தில் 41 வினாடி குறைந்தும், ஐரோப்பிய அட்டவணையில் 68 வினாடி மிகுந்தும் இருந்தது கண்டு வியந்தார். 1825இல் சென்னையில் வெளியான கால சங்கலிதம் என்னும் நூலில் சான் வாரன், சோழிகளைத் தரையில் பரப்பி, ஏடோ எழுத்தோ இன்றி நினைவிலிருந்தே மறைப்பைக் கணித்த புதுவைக் கணிதர் ஒருவரின் முறையை விளக்கினார். அவ்வாண்டு மே இறுதியில் நிகழ்ந்த மறைப்பின் தொடக்கத்தை அம்முறை சில நிமிட வேறுபாட்டில் கூறியது; முடிவிலோ முக்கால் மணிக்கு மேல் பிழைத்தது. 1952இல் ஆட்டோ நியூகபவர் இதனை மீண்டும் ஆராய்ந்து, பண்டைய பாபிலோனிய முறையின் சாயல் தென்னிந்தியாவில் அந்நாள்வரை உயிரோடிருந்ததென எழுதினார்.

இத்துணைத் திறம் வாய்ந்த முறையில் ஒரு சிறு குறை இருந்தது. வாக்கியத்தின் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. ஞாயிறு ஒரு விண்மீனைவிட்டு நீங்கி மீண்டும் அதனை அடைய ஆகும் காலமோ 365 நாள் 15 நாழிகை 23 விநாழிகைக்குச் சிறிது குறைவு. வேறுபாடு எட்டு விநாழிகைக்குச் சற்று மிகுதி. அஃதாவது 3 நிமிடம் 20 வினாடி. ஒருவர் வாழ்நாளில் இஃது ஐந்து மணியளவிற்கும் மேற்செல்லாது. ஆயினும் 499 முதல் இன்றுவரை உள்ள 1500க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இது மூன்றரை நாளாகத் திரண்டுவிட்டது. மூன்றரை நாளில் ஞாயிறு நடப்பது ஏறத்தாழ மூன்றரைப் பாகை. தொடக்கத்திலேயே முதற்புள்ளி இரேவதிக்கு ஒரு பாகை கிழக்கே இருந்தமையின், இன்று அஃது ஏறத்தாழ நாலரைப் பாகை விலகி நிற்கின்றது. சித்திரைக் கட்சியின் முதற்புள்ளி இரேவதிக்குக் கிழக்கே நான்கு பாகையில் உள்ளது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாதல் காண்க. வாக்கியத்தாரும் திருக்கணிதத்தாரும் பிற பலவற்றில் மாறுபட்டும் சித்திரை முதல் நாளைப் பெரும்பாலும் ஏப்பிரல் 14இலேயே கொள்வதன் காரணம் இதுவே.

ஆகவே, தமிழ் ஆண்டின் தொடக்கம் இரேவதியைவிட்டு நீங்கியது எவரும் எண்ணிச் செய்த சீர்திருத்தத்தால் அன்று. எவரும் அறியாத சிறு பிழை நூற்றாண்டுதோறும் சேர்ந்தமையால். அப்பிழை ஏன் கண்டுகொள்ளப்படவில்லை? மீனின் மங்கிய ஒளியும், அதனைச் சுட்டுவார் இன்மையும் பெருங்காரணம் என்பது எம் கருத்து. ஒளிமிக்க சித்திரையை நோக்கியேனும் பிழையை அறிந்திருக்கலாமே என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா ஏற்புடையதே. ஆனால் சித்திரையின் சான்று இங்கே பிழைக்குத் துணையாயிற்று. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் முதற்புள்ளியினின்று சித்திரை ஏறத்தாழ 183 பாகையில் இருந்தது. புள்ளி கிழக்கே நகர நகர, அத்தொலைவு குறைந்து 180ஐ நெருங்கியது. 180 என்பதே சூரிய சித்தாந்தத்தின் கூற்று. எனவே காலம் செல்லச் செல்ல ஒளிமிக்க மீன் நூலுக்கு மேலும் மேலும் இசைந்து, எல்லாம் செவ்வனே உள்ளதென்று காட்டிற்று. மாறுபாட்டை உரைக்க வல்ல சான்று மங்கிய இரேவதி ஒன்றே. அச்சான்றினை அழைத்துக் கேட்டார் இலர்.

6. கல்வெட்டு நாட்களும் இவ்வாராய்ச்சியும்

இப்பொருள் வானியலார்க்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. சோழர் காலக் கல்வெட்டுகள் ஆட்சியாண்டோடு கிழமை, பக்கம், நாண்மீன் ஆகியவற்றைக் குறித்துச் செல்கின்றன. முதலாம் இராசராசனுக்குச் சதயமும் முதலாம் இராசேந்திரனுக்குத் திருவாதிரையும் பிறந்தநாள் மீன்களாய் விழாப் பெற்றமை கல்வெட்டுகளால் அறியப்படும். பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் (1063–1070) கல்வெட்டு, பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவமனையையும் மறையும் இலக்கணமும் பயிற்றிய பள்ளியையும் பற்றிப் பேசுவது. கோயில் விழாக்களுக்குரிய செலவுகளையும் வகுத்துரைப்பது. இத்தகைய கல்வெட்டுகளில் குறித்த நாள் ஆங்கில ஆண்டின் எந்த நாள் என்று கணித்தே நாம் அரசர் காலங்களை வரையறுக்கின்றோம்.

ஒரு நாண்மீனின் அகலம் 13 பாகை 20 கலை. திங்கள் ஏறத்தாழ ஒரு நாளில் அதனைக் கடக்கும். முதற்புள்ளி நான்கு பாகை மாறினால் நாண்மீனின் எல்லை ஏழு மணிக்கு மேல் மாறும். ஞாயிறு எழும்பொழுது நின்ற நாண்மீனே அந்நாளுக்குரியது என்பதனால், நான்கு பாகை மாற்றத்தில் ஏறத்தாழ பத்து நாளில் மூன்று நாட்கள் நாண்மீன் மாறிப்போகும். கிழமையோடு ஒவ்வாத கல்வெட்டு, எழுதினார் பிழையென்று ஒதுக்கப்படலாம். அல்லது வேறோர் ஆண்டிற்கு உரியதாக்கப்படலாம். இதனால் ஆட்சியாண்டின் தொடக்கமே தவறக்கூடும்.

மேற்காட்டிய கணக்கின்படி, கி.பி. 1000இல் சித்தாந்த முறையின் முதற்புள்ளி இரேவதிக்கு ஏறத்தாழ இரண்டு பாகை கிழக்கே நின்றது. அது மீனுக்கும் இன்றைய சித்திரைக் கட்சியின் புள்ளிக்கும் நடுவண் உள்ள இடம். ஆகலின், சோழர் கல்வெட்டின் நாண்மீனை இன்றைய திருக்கணித எல்லை கொண்டு அளத்தலும் தவறு. இரேவதி மீனையே எல்லையாகக் கொண்டு அளத்தலும் தவறு. அக்காலத்துக் கணிதர் எந்த நூல் கொண்டு கணித்தனரோ அந்நூலின் எண்களைக் கொண்டே நாமும் கணித்தல் வேண்டும். இதனை நன்குணர்ந்தே திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரை நாட்களைச் சித்தாந்த எண்களால் கணித்துத் தம் பெருநூலை 1922இல் வெளியிட்டார். கணிப்பொறி கையில் இருப்பதால், இக்கால நுண்கணிதமே எக்காலத்திற்கும் பொருந்தும் என்று கருதி, இன்றைய மென்பொருளில் கல்வெட்டு நாட்களைத் தேடும் வழக்கம் ஆய்வு மாணவரிடையே காணப்படுகின்றது. வானில் மெய்யானது வேறு. ஏட்டில் அன்று எழுதப்பட்டது வேறு. வரலாற்று ஆசிரியர்க்கு வேண்டுவது பின்னதே.

7. மீண்டும் கண்ணால் காணுதல்

பிழையை வானத்தைக் கொண்டு திருத்த முயன்ற தமிழகத்தாருள் முதலாக எண்ணத்தக்கவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த அவர், நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பெற்ற சென்னை வானாய்வகத்தில் போக்சனுக்குத் துணைவராய் இருந்து, ஆயிரக்கணக்கான மீன்களின் நிலையை அளந்தார். 1867இல் தென்வானத்து இரேட்டிகுலம் என்னும் மண்டலத்தில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1874இல் நிகழவிருந்த வெள்ளிக் கடப்பினை மக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதினார். கண்ட வானத்தோடு கணிதம் ஒத்தல் வேண்டும் என்னும் கொள்கையோடு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1880இல் அவர் மறைந்தார். மங்கிய மீனின் ஒளியை அளக்கும் கோலை வகுத்தவரும், காட்சியால் பஞ்சாங்கத்தைத் திருத்தப் புகுந்தவரும் ஒரே கூரையின்கீழ்ப் பணிபுரிந்தமை தமிழக வானியல் வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி.

வாக்கியம், திருக்கணிதம் என்னும் வேற்றுமை இன்றும் தீர்ந்திலது. திருக்கணிதத்தின்படி 2023 சனவரி 17இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் 2023 திசம்பர் 20இல் கொண்டாடப்பெற்றது. இது முதற்புள்ளி பற்றியதன்று, கோட்கணிதம் பற்றியது. எனினும் இதன் வேரும் காணாமையே ஆகும். வழிபாட்டில் மரபைப் பேணுவார் உரிமையை யாம் மறுத்திலேம். மரபு எதனைக் கண்டு தொடங்கியதோ அதனை மீண்டும் ஒருமுறை காண்டல் மரபிற்கு மாறாகாது என்பதே எம் வேண்டுகோள்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், இரேவதி மீன் எல்லையாக அமைந்தது சம இரவுப் புள்ளியின் அண்மையால் என்பதும், ஆண்டளவில் இருந்த சிறு மிகையால் தமிழ் ஆண்டின் தொடக்கம் அதனை விட்டு நீங்கியது என்பதும், மீனின் மங்கிய ஒளியால் அந்நீக்கம் உணரப்படாது போயிற்று என்பதும், கல்வெட்டு நாட்களைக் கணிப்போர் இந்நகர்வைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்பதும் பெறப்பட்டன. இம்முடிபுகளில் குறை உளவாயின் அறிஞர் எடுத்துக் காட்டின் நன்றியோடு ஏற்போம்.

பொங்கலன்று மாலை, ஞாயிறு மறைந்து இருள் படர்ந்தபின், இம்மீன் மேல்வானில் பாதிக்கும் மேற்பட்ட உயரத்தில் நிற்கும். பழையசீவரத்துக் குன்றில் பெருமாளைக் கண்டு மீள்வார், நிலவு இல்லையாயின், விளக்கொளியினின்று சற்றே விலகி நின்று அண்ணாந்து நோக்குவராக. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் ஆண்டின் எல்லையை ஒட்டி நின்ற மீன், பார்ப்பார் இன்றியும் தன் இடத்தில் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம்.